கம்மந்தான் கான்சாகிபு: பனையூர் விட்டுப் படைக்குப் போனவர்

வட சென்னையில் பழைய ஜெயில் சாலை வழியே நடந்து செல்வோர் கண்ணில் பழம்பெரும் மதிற்சுவர் ஒன்றன் எச்சம் படும். அதன்மேல் பூங்கா அமைந்திருப்பதால் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வாழ் மக்கள் அதனை மாடிப் பூங்கா என்றே வழங்குகின்றனர். ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் எனப் பெயரிட்டழைத்த பகுதியைப் பகைவரிடமிருந்து காக்கும்பொருட்டு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பெற்ற மதிலின் வடபகுதி அது. அம்மதிலுக்கென மக்கள்மீது வரி விதிக்கக் கும்பினியார் எண்ணினர். வரி வசூலாகவில்லை; வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் இன்றளவும் நின்று நிலவுகின்றது.

இம்மதில் எழுவதற்குக் காரணமான அச்சங்கள் இரண்டு. ஒன்று, ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் எல்லைவரை வந்து சென்றமை. மற்றொன்று, அதற்கும் சில ஆண்டுகள் முன்னர், 1758 டிசம்பர் 14ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் நகரத்துட் புகுந்து, புனித ஜார்ஜ் கோட்டையை ஈரடுத்த திங்கள் முற்றுகையிட்டமை. அம்முற்றுகையின்போது கோட்டைக்கு வெளியே நின்று, பிரெஞ்சுப் படையின் முதுகுப்புறத்தைத் தாக்கித் தாக்கி அலைக்கழித்த சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் மண்ணிற் பிறந்த ஒரு முஸ்லிம் வீரர். வரலாறு அவரை முகம்மது யூசுப்கான் என்று குறிக்கும். தென்பாண்டி மக்கள் கம்மந்தான் கான்சாகிபு என்பர். மருதநாயகம் என்னும் அவரது பழம்பெயரும் இன்று நாடறிந்த ஒன்றாகிவிட்டது.

அவரது வரலாற்றை இம்மலரில் எழுத எண்ணியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தபோது, படைக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குச் சென்று வந்த மாணவர் நால்வர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தனர். பாடத்தை நிறுத்தி, ஏன் படையிற் சேர விரும்புகிறீர்கள் என்று வினவினேன். நாட்டுப்பற்று என்னும் விடையையே நான் எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. வந்த விடைகள் வேறு. துறைமுகத்தில் சுமை தூக்கும் தந்தைக்கு முதுகு ஒடிந்துபோயிற்று; மாதம் தவறாத சம்பளம் வேண்டும் என்றார் ஒருவர். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாய் நாள் எண்ணுவதைவிட இது மேல் என்றார் மற்றொருவர். தங்கையின் திருமணம் ஒருவருக்கு. நான்காமவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் தெருவில் தம்மை யாரும் பெயர் சொல்லி மதித்ததில்லை என்றும், சீருடையோடு ஒருமுறை அத்தெருவில் நடந்துவிட்டால் போதும் என்றும் கூறினார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே நூலகத்திற்குச் சென்று, எஸ். சி. ஹில் என்பார் 1914இல் யூசுப்கானைப்பற்றி எழுதி வெளியிட்ட ஆங்கில நூலை மீண்டும் எடுத்தேன். நான்காம் மாணவர் கூறிய அக்காரணத்தை இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார் என்னும் நினைவே என்னை அங்கு இழுத்துச் சென்றது.

வீட்டை விட்டு வெளியேறிய இளைஞர்

இராமநாதபுரச் சீமையைச் சார்ந்த பனையூரில், 1725ஆம் ஆண்டை ஒட்டி, எளிய குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். வேளாளர் குடியினர் என்பது பரவலாக வழங்கும் செய்தி. இளமையில் அடங்காப் பிள்ளையாய் இருந்து, வீட்டாரோடு பிணங்கி, ஊரைவிட்டு ஓடியவர் என்பது அவர் வாழ்வு குறித்து வழிவழி வரும் செய்தி. தஞ்சையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியிடமும், பின்னர்ப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர் ஏவல் செய்தார் என்பர். இளமையிலேயே இஸ்லாத்தைத் தழுவி, யூசுப்கான் என்னும் பெயர் பூண்டார். தமிழோடு போர்த்துக்கீசியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் பேசிப் பழகியிருந்தார். பள்ளியிற் கற்ற மொழிகள் அல்ல இவை. பிறர் வீட்டு வாயிலிலும் படைக் கூடாரங்களின் ஓரத்திலும் நின்று செவிவழிக் கற்றவை. பிற்காலத்தில் அவர் எய்திய உயர்வுக்கு அவரது வாளைப்போலவே அவரது நாவும் காரணம் என்பேன்.

அக்காலத்துக் கருநாடகத்தின் நிலையை இங்குச் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஆற்காட்டு நவாபு பதவிக்கு முகம்மது அலி ஒருபுறமும் சந்தாசாகிபு மறுபுறமும் போட்டியிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். மராத்தியர், மைசூரார், தஞ்சை அரசர் எனப் பலரும் இப்பூசலில் இறங்கினர். படை கடந்து செல்லும் வழியிலுள்ள ஊர்களில் விளைச்சல் வீட்டுக்கு வருவது அரிதாயிற்று. அந்நாளில் ஏர் பிடித்தவன் பட்டினி கிடந்தான். துப்பாக்கி பிடித்தவன் உண்டான். ஆகவே பல்லாயிரவர் படைக்குப் போயினர். பாளையங்களில் காவல் தொழில் வழிவழியாகச் செய்துவந்தோர் அத்தொழிலின் தொடர்ச்சியாகவே போயினர். நாட்டு மன்னர்கள் படைவீரர்க்குச் சம்பளத்தை மாதக்கணக்கில் நிலுவை வைப்பது அந்நாளில் வழக்கம். கும்பினியார் ஒழுங்காகக் கொடுத்தனர். அந்த ஒழுங்கே பலரை அவர்பால் ஈர்த்தது. யாருக்காகப் போரிடுகிறோம் என்ற வினா அவர்களுள் பெரும்பாலோர்க்கு எழவில்லை. அதற்காக அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

யூசுப்கானுக்கு வயிற்றுப்பாடு மட்டுமே காரணமாயிருந்திருப்பின் அவர் ஏதேனும் ஒரு துரைவீட்டில் ஏவலராகவே காலம் கழித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நெல்லூர்ப் பகுதியில் படைப்பணியில் அமர்ந்து, அங்குப் படிப்படியாக உயர்ந்து, தமக்கென ஒரு சிறு படைக்குழுவைத் திரட்டிக்கொண்டார். 1752இல், காவேரிப்பாக்கம் போருக்குச் சற்று முன்னர், அக்குழுவோடு வந்து ராபர்ட் கிளைவின் கீழ்ச் சேர்ந்தார். தனியாளாய் வந்து வரிசையில் நின்று பெயர் பதிந்தவர் அல்லர். தம்மை நம்பிய ஆட்களோடு வந்தவர். பிறந்த இடத்தில் கிடைக்காத ஒன்று, தம்மைத் தலைவர் என்று பிறர் ஏற்கும் நிலை, படையில் கிடைக்கும் என்று அவர் கண்டுகொண்டார். அந்நாளைய நாட்டில் பிறப்பு கேட்காமல் திறமை கேட்ட இடங்கள் மிகச் சில. படை அவற்றுள் ஒன்று.

இதில் வியப்பு என்னவெனில், அவர் யாருடைய கீழ்ச் சேர்ந்தாரோ அந்தக் கிளைவின் கதையும் ஏறத்தாழ இதுவே. இங்கிலாந்தில் அடங்காப் பிள்ளை. பதினெட்டு வயதில் கணக்கெழுதச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர். கோட்டைக்குள் கணக்கேடுகளோடு மனம் வெதும்பிக் கிடந்தவர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது மாறுவேடத்தில் தப்பிக் கடலூர் சென்று, மறு ஆண்டு எழுதுகோலை விட்டு வாளேந்தினார். இருவரும் ஒரே கால்நூற்றாண்டுக்குள் பிறந்தவர். வீட்டுக்கு வேண்டாதவராய் வெளியேறியவர். படையால் பெயர் பெற்றவர். ஒருவர் பிரபுவாகி இங்கிலாந்தில் மாளிகை கட்டினார். மற்றவர் தூக்குமரத்தில் தொங்கினார். இவ்வேறுபாட்டுக்குத் திறமைக் குறைவு காரணமன்று என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி மேலே செல்கின்றேன்.

ஐயத்திற்கு ஆளாதலும் பொற்பதக்கமும்

திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து 1752 முதல் 1754 வரை நடந்த போர்களில்தான் யூசுப்கான் முழு வீரராய் உருவெடுத்தார். மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரை ஐரோப்பியப் போர்முறையிற் பழக்கினார். அந்நகரில் அடைபட்டிருந்த ஆங்கிலப் படைக்கு உணவு கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. காட்டு வழிகளிலும் இரவு நேரங்களிலும் மாட்டுப் பொதிகளைப் பகைவர் கண்ணிற் படாமல் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் யூசுப்கானிடமே விடப்பட்டது. எதிரியின் நடமாட்டத்தை அறிந்து வருவதிலும் அவருக்கு நிகர் எவருமிலர் என்று பெயர் பெற்றார். போர் என்றதும் நாம் வாள் வீச்சையே நினைக்கிறோம். உப்பும் அரிசியும் வந்து சேர்வதே போரின் உயிர் என்பதைத் திருச்சி முற்றுகை காட்டிற்று.

இக்காலத்தில்தான் அவர்மேல் ஒரு பெரும்பழி விழுந்தது. மைசூராரோடு அவர் மறைவில் தொடர்பு கொண்டு, நகரைக் காட்டிக்கொடுக்க முனைந்தார் எனத் தோன்றும் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையிற் சிக்கியது. எதிரியிடம் விலை போனவர் எனக் கருதப்பட்டால் அந்நாளில் விசாரணை நீளாது. எனினும் ஆராய்ந்தனர். லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளராயிருந்த பொன்னியப்பன் என்பவன், யூசுப்கான்மீது கொண்ட பகையால் அக்கடிதத்தைப் பொய்யாகப் புனைந்தான் என்பது வெளியாயிற்று. அவன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான்.

யூசுப்கான் பழி நீங்கினார். 1754இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவர் என்னும் பதவியும் பொற்பதக்கமும் அவருக்கு வழங்கப்பெற்றன. ஆங்கிலேயர் வழங்கிய கமாண்டன்ட் என்னும் சொல்லே நம் மக்கள் நாவிற் கம்மந்தான் ஆயிற்று. ஆனால் ஒன்றை நாம் மறத்தல் ஆகாது. எத்துணை உழைத்தாலும், ஒரு துண்டுக் கடிதம் போதும், தம்மை இரண்டகன் என்று நம்ப அவர்கள் அணியமாயிருக்கின்றனர் என்பதை அவர் அன்றே கண்டிருப்பார். பின்னால் நடந்தவற்றைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி இந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வருகின்றது.

சென்னை முற்றுகையில்

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் தென்பாண்டி நாட்டுக்குச் சென்ற படையில் யூசுப்கானும் இருந்தார். வரி தண்டச் சென்ற அப்படை கோவில்குடிக் கோயிலில் திருமேனிகளைக் கவர்ந்ததும், அதனாற் சினந்த கள்ளர் பெருமக்கள் நத்தம் கணவாயில் அப்படையைச் சூழ்ந்து தாக்கியதும் பலரும் அறிந்த செய்திகள். ஹெரான் பின்னர் விசாரிக்கப்பட்டுப் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஒழுங்குபடுத்தும் பணி யூசுப்கானிடம் ஒப்படைக்கப்பெற்றது.

அப்பணி முடியுமுன்னரே சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. லாலியின் படை கடலூர்ப் பக்கத்துப் புனித டேவிட் கோட்டையை வீழ்த்திவிட்டுச் சென்னை நோக்கி வந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சு வீரர் கறுப்பர் நகரத்துட் புகுந்து, வீடுகளையும் கடைகளையும் சூறையாடினர். இன்று நம் மாணவர்கள் பேருந்து பிடிக்கும் தெருக்களுக்குத் தெற்கே, உயர்நீதிமன்றமும் பாரிமுனையும் நிற்கும் பகுதிகளில் அன்று பீரங்கிகள் முழங்கின. கோட்டைக்குள் ஆளுநர் பிகட்டும் லாரன்ஸும் இருந்தனர். கடல் ஒன்றே அவர்கட்குத் திறந்த வழி. அதிலும் உதவிக் கப்பல்கள் வரக் காணோம்.

யூசுப்கான் தெற்கேயிருந்து சிப்பாய்களும் குதிரை வீரரும் கொண்ட படையோடு விரைந்து வந்தார். செங்கற்பட்டில் இருந்த காப்டன் பிரஸ்டனோடு சேர்ந்தார். இருவரும் நேருக்குநேர் பெரும்போர் புரியவில்லை. பிரெஞ்சுப் பாசறைக்கு வரும் உணவு வண்டிகளை மடக்கினர். காவல் நிலைகளை இரவில் தாக்கினர். துரத்தினால் கலைந்து, மறுநாள் வேறோரிடத்திற் கூடினர். ஒருபுறம் விரட்டினால் மறுபுறம் வந்து மொய்க்கும் ஈக்களாய் அவர்கள் லாலிக்குத் தோன்றினர். திருச்சியில் பொதி மாடுகளைக் காத்துக் கொணர்ந்தவருக்கு, பொதி மாடுகளை மடக்கும் கலை தெரியாதிருக்குமோ? 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலை அருகே பிரெஞ்சுப் படை அவர்களை நசுக்கிவிட முழுமூச்சாய் வந்தது. மேஜர் காலியாட் தலைமையில் நாள் முழுதும் நடந்த அப்போரில் பிரெஞ்சுக்காரர் பின்வாங்கினர். ஒரு கிழமைக்குள் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, பிப்ரவரி 17இல் லாலி முற்றுகையை நீக்கிச் சென்றார். இன்று இராணுவ அதிகாரிகட்குப் பயிற்சியளிக்கும் கழகம் அதே பரங்கிமலையில்தான் அமைந்துள்ளது.

சென்னைச் சிப்பாய்கள் முறையான பட்டாளங்களாக வகுக்கப்பெற்றதும் 1758இல்தான். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வரலாற்றை அவ்வாண்டிலிருந்தே எண்ணுகின்றது.

ஆட்சியாளர்

முற்றுகைக்குப் பின் யூசுப்கான் மதுரைக்குத் திரும்பினார். இம்முறை குத்தகை செலுத்தி அந்நாட்டை ஆளும் பொறுப்போடு. 1759 முதல் 1763 வரை அவர் நடத்திய ஆட்சியைக் குறித்து அவர் பகைவரும் குறை கூறவில்லை. பாழ்பட்ட கண்மாய்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் தறிகளை ஓடச் செய்தார். வழிப்பறியை அடக்கினார். கோட்டைகளைப் பழுதுபார்த்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய மானியங்கள் தடைப்பட்டுக் கிடந்ததை மாற்றி, வழிபாடு ஒழுங்காக நடைபெறச் செய்தார் என்பதை மதுரை மக்கள் இன்றும் நன்றியோடு கூறுவர். முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவர் கோயிலுக்கு நல்கிய கொடை என்று நாம் இன்று மேடையில் வியந்து பேசுகிறோம். ஆள்பவர் குடிகளின் வழிபாட்டைக் காத்தல் கடமை என்று அவர் கருதினார். வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று அவரே கூறியிருப்பார்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர், ஆங்கிலேயருக்கும் நவாபுக்கும் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்கொடி உயர்த்திய முன்னோடி. அவரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டு, 1760இல் வாசுதேவநல்லூரில் ஒருமுறை தோற்று, 1761இல் அக்கோட்டைகளை வீழ்த்தியவர் யூசுப்கானே. விடுதலை வீரர் என்று அவரைப் போற்றும் நம்மவருட் சிலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆங்கிலேயரின் கைக்கூலி என்று அவரை ஒதுக்குவோர் இப்பகுதியிலேயே நின்றுவிடுகின்றனர். இரண்டும் நேர்மையன்று. சீருடை அணிந்தவன் தான் சேர்ந்த காரணத்தை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும். யாரை நோக்கிச் சுடுவது என்பதை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. பெயரும் பதவியும் தேடிப் போனவர் கையில் பூலித்தேவரின் கோட்டை இடிந்தது. அக்கணக்கை அவர் ஏட்டிலிருந்து அழிக்க நமக்கு இயலாது.

நவாபுக்கு அடங்காமை

யூசுப்கான் செலுத்திய குத்தகையும் அவர் பெற்ற புகழும் ஆற்காட்டு நவாபு முகம்மது அலிக்கு உறக்கம் தரவில்லை. தென்சீமை தமக்குரியது, அதில் ஒரு சிப்பாய் அரசர்போல் வீற்றிருப்பதா என்பது அவர் எண்ணம். ஆண்டுக்கு 7 இலட்சம் ரூபாய் செலுத்தி மேலும் நான்கு ஆண்டுகள் குத்தகையைத் தொடர யூசுப்கான் முன்வந்தார். ஏற்கப்படவில்லை. அவர் நவாபின் பணியாளராய், நவாபு வழியாகவே வரி செலுத்த வேண்டும் என்று கும்பினியார் முடிவு செய்தனர். கும்பினிக்கு நவாபு பட்ட கடன் பின்னிக் கிடந்த காலம் அது. அந்தப் பின்னலில் ஒரு படைத்தலைவரின் நன்றிக்கடன் எவர் கண்ணிலும் படவில்லை. சென்னைக்கு வந்து நிற்குமாறு அழைத்தனர். அவர் செல்லவில்லை.

இங்கேதான் அவர் படைக்குப் போன முதற் காரணம் மீண்டும் தலைதூக்குகின்றது. பனையூரில் எவருக்கும் அடங்காமல் வெளியேறியவர், கும்பினிக்கு அடங்கினார். ஏனெனில் கும்பினி அவருக்குப் பதவி கொடுத்தது, பதக்கம் கொடுத்தது, ஆயிரமாயிரம் வீரரை அவர் சொற்கேட்டு நடக்கச் செய்தது. அந்தப் பெயரை நவாபின் காலடியில் வைக்குமாறு கேட்டபோது அவர் மறுத்தார். அதற்குமேல் அரசியற் காரணங்கள் பல கூறலாம். பெரிய அரசு ஒன்றை நிறுவும் கனவு அவருக்கிருந்தது என்பாரும் உளர். எனக்கு அவையெல்லாம் பின்னர் வந்தவையாகவே தோன்றுகின்றன.

1763இன் தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. மார்சந்த் என்னும் பிரெஞ்சு அதிகாரி சில பிரெஞ்சு வீரரோடு அவர் பக்கம் இருந்தான். நவாபின் படையும் மான்சன் தலைமையில் ஆங்கிலப் படையும் மதுரையைச் சூழ்ந்தன. அவர் பயிற்றுவித்த சிப்பாய்களே இருபுறத்தும் நின்றனர். மழை வரவே, நவம்பரில் முற்றுகை கலைந்தது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26ஆம் நாள் கோட்டையைப் பிளந்து நுழைய நடந்த பெருந்தாக்குதல் தோற்றது. அதில் காயமுற்று மாண்டவர்களுள் ஒருவர், செங்கற்பட்டில் யூசுப்கானோடு தோள் இணைந்து சென்னையைக் காத்த அதே பிரஸ்டன். ஐந்து ஆண்டுகட்கு முன் ஒரே கூடாரத்தில் திட்டம் வகுத்தவர் இருவர், ஒரு மதிலின் இருபுறத்தும் நின்றனர். இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுவே.

வாளால் ஆகாததைப் பசியால் செய்ய முனைந்தனர். கோட்டையைச் சுற்றி வழிகளை அடைத்தனர். திருச்சியில் உணவு கொணர்ந்து நகரைக் காத்தவர் மதுரையில் உணவின்றி அடைபட்டார். உள்ளே மனத்தாங்கல் வளர்ந்தது. சரணடைதல் பற்றி எழுந்த சொல்லாட்டத்தில் மார்சந்தை அவர் அடித்தார் என்பர். 1764 அக்டோபர் 13ஆம் நாள் அவர் தொழுகையில் இருந்தபோது, மார்சந்தும் திவான் சீனிவாசராவும் மருத்துவர் பாபாசாகிபும் ஆட்களோடு புகுந்து, அவரது தலைப்பாகைத் துணியாலேயே அவரைப் பிணித்தனர். காட்டிக்கொடுத்த மூவரும் மூன்று சமயத்தினர்; அவருக்காக இறுதிவரை மதிலில் நின்று மாண்டவரும் அவ்வாறே பல சமயத்தினர். தூக்கிலிட ஆணையிட்ட நவாபு அவர் சமயத்தவரே. இவ்வரலாற்றைச் சமயப் பூசலுக்குத் துணையாக்க முனைவோர் இதனைக் கருதுவாராக.

அக்டோபர் 15ஆம் நாள் மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். கயிறு இருமுறை அறுந்ததென்றும் மூன்றாம் முறையே உயிர் பிரிந்ததென்றும் மக்கள் கூறுவர். இறந்த பின்னும் நவாபுக்கு அச்சம் தீரவில்லை. உடலைத் துண்டித்துத் தலையையும் கைகால்களையும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர். எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்திலேயே அடக்கப்பட்டது. 1808இல் ஷேக் இமாம் என்பார் அவ்விடத்தில் சிறு கட்டடம் எழுப்பினார். அதனைக் கான்சாகிபு பள்ளிவாசல் என்பர். மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும், விருதுநகர் மாவட்டத்தில் கான்சாபுரமும் அவர் பெயரைச் சுமக்கின்றன. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்து வெளியிட்டுள்ளார். படையிற் சேர்ந்து பெயர் தேடியவருக்கு, அவரைத் தூக்கிலிட்ட அரசின் ஏடுகளைவிட உடுக்கடித்துப் பாடிய ஊர்ப் பாடகர்களே நீண்ட பெயரைக் கொடுத்தனர்.

இதனையெல்லாம் அடுத்த வாரம் வகுப்பில் கூறினேன். அந்த நான்காம் மாணவர் முழுவதும் கேட்டார். மணி அடித்தபின் அருகில் வந்து, ஐயா, அந்தப் பொற்பதக்கத்தை அவர் என்ன செய்தார், கடைசி நாளில் அது அவரிடம் இருந்ததா என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஹில்லின் நூலை அவரிடம் கொடுத்தேன். முகாமிலிருந்து அழைப்பு வந்ததும் ஊரைவிட்டுப் புறப்படுமுன் அதனைத் திருப்பித் தந்துவிட்டே சென்றார்.